வாசகர் கேள்வி – பதில்: நாற்காலி எப்போது சிற்பமாகிறது?

அன்றாடப் பொருட்களை இடம் மாற்றியும் அடுக்கியும் தொங்கவிட்டும், சில வேளைகளில் ஓர் அறையை முழுவதுமாக எடுத்துக்கொண்டும் செய்யப்படும் நிறுவல் கலையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒட்டடை அடிக்கும்போது நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து அடுக்குகிறோம். அதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. அதே அடுக்கைக் கலைக்கூடத்தில் ஒருவர் வைத்தால் மட்டும் அது எப்படிச் சிற்பமாகிவிடுகிறது?

பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் நாற்காலியைக் கவிழ்ப்பது தரையைக் கூட்டுவதற்காக. கூட்டி முடித்ததும் அது தன் இடத்துக்குத் திரும்பி, பழையபடி ஆட்களை உட்கார வைக்கப் போகிறது. கவிழ்ந்து கிடக்கும்போதுகூட அது பணியில்தான் இருக்கிறது. கலைஞர் கவிழ்க்கும் நாற்காலிக்கோ திரும்பிப் போக வேலை இல்லை. ஆனால் வேலை போனாலும் உட்காருதல் என்ற நினைவு அதை விட்டுப் போவதில்லை; முதுகுக்கு ஒரு சாய்வும், கைக்கு ஒரு தாங்கலும், தொடைக்கு ஒரு பலகையுமாக அது மனித உடலின் அளவிலேயே நின்றுகொண்டிருக்கிறது. பயன் நீங்கிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை என்ற இந்த இடைவெளியில்தான் இக்கலை நடக்கிறது. மரமும் இரும்பும் அதற்கு இரண்டாம்பட்சம்.

கலைக்கூடத்தின் சுவர்தான் பொருளுக்கு மதிப்பைத் தருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், முழு விளக்கமாக அதை என்னால் ஏற்க முடியவில்லை. கொலம்பியாவைச் சேர்ந்த டோரிஸ் சால்செடோ 2003-இல், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான இஸ்தான்புல் பியன்னாலேக்காகச் செய்த வேலை தெருவில் இருந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த மனையில் ஏறத்தாழ 1,550 மர நாற்காலிகளைக் கட்டடங்களின் உயரத்துக்கு நெருக்கி அடைத்தார். வெளிப்பக்கம், இருபுறச் சுவர்களோடு ஒரே தளமாக, செதுக்கி விட்டதைப் போலச் சமமாக நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு சொரசொரப்பான பரப்பு மட்டும் தெரியும். கிட்டே வந்தால் கால்களும் சட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதும், ஒவ்வொரு நாற்காலியும் வேறு வேறு கையில் தேய்ந்தது என்பதும் தெரியும். அவற்றில் உட்கார வேண்டியவர்கள் எங்கே என்ற கேள்வியை அங்கே எந்தப் பலகையும் எழுதிக் காட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் கொலம்பியத் தலைநகர் பொகொட்டாவின் நீதி மாளிகையில், 1985-இல் அங்கே நடந்த முற்றுகையில் இறந்தவர்களை நினைத்து, 280 நாற்காலிகளை 53 மணி நேரத்தில் ஒவ்வொன்றாகக் கூரையிலிருந்து முகப்புச் சுவரின்மீது இறக்கியவரும் அவரே. இரண்டிலும் நாற்காலியை அவர் வேறொன்றாக மாற்றவில்லை. நாற்காலியாகவே விட்டுவிட்டு, அதன் வேலையை மட்டும் எடுத்துவிட்டார்.

கேள்வி: இதை முதலில் தொடங்கியவர் யார்?

ஒரே பெயர்தான் வேண்டுமென்றால் மார்செல் டுஷாம்ப். அவர் 1913-இல் பாரிஸில், ஒரு சைக்கிளின் கவட்டையையும் சக்கரத்தையும் தலைகீழாக ஒரு சமையலறை ஸ்டூலின்மேல் பொருத்தினார். 1917-இல் ஒரு சிறுநீர்க் கோப்பையை மல்லாத்தி, 'ஆர். மட்' என்று ஒரு பொய்க் கையெழுத்திட்டு, நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். தேர்வுக்குழு கிடையாது, கட்டணம் செலுத்தும் எவருடைய படைப்பும் வைக்கப்படும் என்று அறிவித்திருந்த அமைப்பு, அதை மட்டும் பார்வைக்கு வைக்கவில்லை. இரண்டின் அசலும் தொலைந்துவிட்டன. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலத்தில் அவரே செய்தோ ஒப்புதல் தந்தோ உருவானவை.

ஆனால் டுஷாம்பின் இந்த வேலைகள் தனிப்பொருளோடு நின்றன. அறையையே படைப்பாக எடுத்துக்கொண்டவர் என்று நான் முதலில் சொல்வது ஜெர்மனியின் குர்ட் ஷ்விட்டர்ஸை. பேருந்துச் சீட்டு, கம்பித் துண்டு, உடைந்த சக்கரம், மரச் சீவல் என்று தெருவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிப் படங்களில் ஒட்டிக்கொண்டிருந்த மனிதர், 1923 வாக்கில் ஹானோவரில் தாம் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே ஒரு தூணை எழுப்பத் தொடங்கினார். அந்தத் தூணில் பொந்துகள் இருந்தன. நண்பர் ஒருவரின் பென்சில், இன்னொருவரின் தலைமுடிக் கற்றை என்று ஒவ்வொரு பொந்துக்குள்ளும் ஒருவரின் சின்னத்தை வைத்தார். நண்பர்களைக் கேட்டுத்தான் எடுத்தாரா என்பது வேறு விஷயம். பிறகு அவற்றின்மேல் பலகையும் சாந்தும் ஏறி, கூரான வெள்ளை முகடுகள் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் நீட்டிக்கொண்டு வளர்ந்து, அடுத்தடுத்த அறைகளையும் பிடித்துக்கொண்டன. 1937-இல் நாஜிகளிடமிருந்து தப்பி அவர் நார்வேக்குப் போக நேர்ந்தது. 1943-இல் குண்டுவீச்சில் வீடு அழிந்தது. நார்வேயில் தொடங்கிய இன்னொன்று 1951-இல் தீக்கிரையானது. இங்கிலாந்தில் ஒரு கொட்டகைக்குள் தொடங்கிய மூன்றாவது, 1948-இல் அவர் இறந்தபோது முடியாமல் நின்றது. அதன் ஒரு சுவர் மட்டும் பெயர்த்து எடுக்கப்பட்டு நியூகாசிலில் இருக்கிறது. ஹானோவரின் ஸ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்தில் நாம் நுழைந்து பார்க்கக்கூடியது, பழைய புகைப்படங்களை வைத்து 1980-களில் மறுபடியும் கட்டிய ஓர் அறை.

அதன்பின் கதை வேகமாக நகர்கிறது. பாரிஸில் ஈரிஸ் கிளேரின் கலைக்கூடத்தை 1958-இல் ஈவ் க்ளைன் காலி செய்து வெறும் வெள்ளை அறையாகக் காட்டினார்; 1960-இல் அதே இடத்தை ஆர்மன் குப்பையால் நிரப்பி, உள்ளே போக முடியாமல் தெருவிலிருந்து கண்ணாடி வழியாகவே பார்க்கும்படி செய்தார். 1961-இல் நியூயார்க்கில் ஆலன் காப்ரோ ஒரு கலைக்கூடத்தின் பின்முற்றத்தில் பழைய டயர்களைக் கொட்டி, அங்கே ஏற்கெனவே இருந்த சிற்பங்களைத் தார்த்தாளால் மூடிக் கட்டிவிட்டு, வந்தவர்களை டயர்கள்மேல் ஏறி நடக்கச் சொன்னார்.

கேள்வி: அறையை அழகாக மாற்றி அமைப்பதும் இதுவும் ஒன்றுதானே? வீட்டு அலங்காரம் செய்பவர்களையும் சிற்பிகள் என்று சொல்லலாமா?

சொல்லலாம், அவர்கள் உங்களை உட்காரவிடாமல் செய்தால்.

அலங்காரத்தின் நோக்கம் அறையில் இருப்பவருக்கு வசதி. விளக்கு படிக்க உதவ வேண்டும், சோபா வழியை மறிக்கக் கூடாது, நிறங்கள் கண்ணை உறுத்தக் கூடாது. எல்லாம் நன்றாக அமைந்துவிட்டால் நாம் அறையைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறோம். அது அந்தக் கலையின் வெற்றி. நிறுவல் கலை இதற்கு நேர் எதிரான பக்கம் போகிறது. மோனா ஹாட்டூம் 2000-இல் செய்த ஒரு படைப்பில் மேசை, கட்டில், துருவி, சல்லடை, கரண்டி போன்ற வீட்டுச் சாமான்கள் மின்கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குள் மின்சாரம் ஓடும். பொருட்களுக்குள் வைத்த சிறு பல்புகள் எரிந்து மங்கி எரியும். மின்சாரத்தின் இரைச்சல் பெருக்கப்பட்டு அறை முழுவதும் கேட்கும். பார்ப்பவர் கம்பித் தடுப்புக்கு இப்பால்தான் நிற்க வேண்டும். எல்லாரும் நாள்தோறும் கையில் எடுக்கும் சல்லடையை, தொட்டால் ஆபத்து என்ற நிலையில் பார்க்கும்போது, வீடு என்பது எல்லாருக்கும் பாதுகாப்பான இடமா என்ற எண்ணம் வராமல் போகாது. அலங்காரம் செய்பவரிடம் இப்படி ஒரு சமையலறை கேட்டால் அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கேள்வி: மேசை நாற்காலியைச் சிற்பமாக்குவது புரிகிறது. ஓர் அறையையே, அதாவது அதற்குள் இருக்கும் வெற்றிடத்தையே, சிற்பமாக்க முடியுமா?

முடியும், அதைச் செய்து காட்டியவர் பிரிட்டனின் ரேச்சல் வைட்ரீட். 1990-இல் வடக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டின் அறையை எடுத்துக்கொண்டு, அதன் நான்கு சுவர்களின் உட்பக்கத்திலும் பகுதி பகுதியாக பிளாஸ்டரைப் பூசி, காய்ந்தபின் கட்டிகளாகப் பெயர்த்து, அவற்றை வேறோரிடத்தில் ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் மறுபடி அடுக்கினார். ஆக, அறைக்குள் இருந்த காற்று கல்லாகி வெளியே வந்து நிற்பதைப் போல ஒரு வெள்ளைப் பெட்டி கிடைத்தது. நாம் அதற்குள் நுழைய முடியாது. அறையின் சுவர் எங்கே இருந்ததோ அங்கே நாம் நிற்கிறோம்.

இதை வருணனையாகக் கேட்பதைவிட, அருகே போய்ப் பார்ப்பதாக எண்ணிக்கொள்வது நல்லது. கதவில் புடைத்துக்கொண்டிருந்த சட்டங்கள் இங்கே பள்ளமாக இருக்கின்றன. பள்ளமாக இருந்தவை புடைத்து நிற்கின்றன. கணப்படுப்பு உள்ளே குழிந்த இடமாக இருந்ததல்லவா, அது இப்போது வெளியே துருத்திய ஒரு திண்டாகிவிட்டது. அதன்மேல் பழைய புகைக்கரி பிளாஸ்டரில் ஒட்டி வந்திருக்கிறது. மின்சார சுவிட்ச் இருந்த இடத்தில் சுவிட்சின் எதிருரு. கைப்பிடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அந்த அறையில் எத்தனையோ ஆண்டுகள் யார் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பொருள் ஒன்றுகூட இல்லாமல், அவர்களைச் சுற்றி இருந்த வெற்றிடத்தை மட்டும் வைத்தே அவர்கள் இருந்ததை உணர்த்திவிடுகிறார். இப்போது அது வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

1993-இல் அவர் இன்னும் துணிந்து, கிழக்கு லண்டனில் இடிபடக் காத்திருந்த வரிசை வீடுகளில் கடைசியாக எஞ்சிய ஒரு வீட்டை முழுவதுமாக உட்பக்கத்திலிருந்து கான்கிரீட்டால் வார்த்து, வெளிச்சுவரை அகற்றினார். பிரிட்டனின் பெயர்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அதே நாளில் உள்ளூர் நிர்வாகம் அந்த வீட்டை இடிக்கவும் முடிவு செய்தது. 1994 ஜனவரியில் அது இடிக்கப்பட்டது. நாற்காலிகளின் அடியில் உள்ள வெற்றிடத்தை நிறமுள்ள ரெசினில் வார்த்து, நூறு கட்டிகளாக வரிசையில் வைத்த 1995-ஆம் ஆண்டு வேலையும் அவருடையது. அறையை வார்க்க வசதியில்லாதவர்கள் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: கலைப்படைப்பைக் குப்பை என்று நினைத்துத் துப்புரவுப் பணியாளர் அள்ளி எறிந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை, ஒரு முறை அல்ல. 2001-இல் லண்டன் கலைக்கூடம் ஒன்றில் டேமியன் ஹர்ஸ்ட் வைத்திருந்த சிகரெட் சாம்பல் கிண்ணங்கள், காலிப் பாட்டில்கள், காப்பிக் கோப்பைகள் ஆகியவற்றைப் பணியாளர் ஒருவர் குப்பைப் பைக்குள் போட்டார். பிறகு புகைப்படத்தைப் பார்த்து மறுபடி அடுக்கினார்கள். 2015-இல் இத்தாலியின் போல்சானோவில், விருந்து முடிந்த அறையாக அமைக்கப்பட்ட ஒரு படைப்பும் இப்படியே பைக்குள் போய், பையிலிருந்து மீட்கப்பட்டது. 2011-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நடந்தது மட்டும் மீட்க முடியாதது: மார்ட்டின் கிப்பன்பெர்கர் ஒரு தொட்டியின் அடியில் மழைநீர் காய்ந்த கறையைப் போலத் தீட்டியிருந்த பூச்சை, கறை என்றே நினைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். கலைஞர் 1997-லேயே காலமாகிவிட்டதால் மறுபடி தீட்டித் தரவும் ஆளில்லை.

இச்செய்திகளைப் படித்துச் சிரிப்பவர்கள், பெரும்பாலும் கலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அல்லது பணியாளரைப் பார்த்து. என் எண்ணத்தில் பணியாளர் செய்தது சரியான விமர்சனம்: பொருட்கள் தங்கள் பயனிலிருந்து போதுமான அளவு விலகவில்லை என்பதை அவர் கை சொல்லிவிட்டது. சால்செடோவின் நாற்காலிகளை யாரும் எடுத்துப் போட்டு உட்காரவில்லை.

கேள்வி: அண்மையில் என் தாயார் காலமானார். அவர் எதையும் எறியாமல் சேர்த்து வைத்த டப்பாக்களும் துணிகளும் ஓர் அறை நிறைய இருக்கின்றன. எறியவும் மனமில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. அவற்றைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். இதே நிலையிலிருந்து பிறந்த ஒரு பெரிய படைப்பு இருப்பதால் அதைச் சொல்கிறேன்.

பெய்ஜிங்கைச் சேர்ந்த சோங் டோங்கின் தந்தை 2002-இல் இறந்தார். தாயார் ட்சாவ் சியாங்யுவான் பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் கண்ட தலைமுறை. எதையும் வீணாக்காதே என்பதே அவர் வாழ்ந்த முறை. கணவர் போனபின் அந்தச் சேகரிப்பு துயரத்தோடு சேர்ந்து பெருகி, வீட்டை அடைத்துக்கொண்டது. மகன் அதை எறியச் சொல்லிப் போராடவில்லை. எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து, தாயாரோடு சேர்ந்து வகை பிரித்து, 2005-இல் கண்காட்சியாக வைத்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள்: பிதுக்கி முடித்த பற்பசைக் குழாய்கள், பாட்டில் மூடிகள், பித்தான்கள், மடித்த துணித் துண்டுகள், பிளாஸ்டிக் பைகள், செருப்புகள், பாத்திரங்கள், பங்கீட்டுக் காலத்தில் சேமித்துக் கல்லாக இறுகிப்போன சோப்புக் கட்டிகள். நடுவே பழைய வீட்டின் மரச்சட்டம். அப்பாவுக்குச் சொல்வதாக, கவலைப்படாதீர்கள், அம்மாவும் நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்று நியான் விளக்கில் ஒரு வரி. பொருட்களை வரிசைப்படுத்தியவரும், வந்தவர்களிடம் அவற்றின் கதைகளைப் பேசியவரும் தாயாரே. அவர் 2009-இல் மறைந்தார். அதன்பிறகும் அப்படைப்பு நியூயார்க் முதலிய ஊர்களில் குடும்பத்தினரால் அடுக்கி வைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது வகை பிரித்தல். குவியலாகக் கிடக்கும்போது அது ஒரு பாரம். மூடிகள் மூடிகளோடும் துணிகள் துணிகளோடும் தரையில் பரப்பப்பட்டபோது, ஒருவர் வாழ்நாள் முழுதும் எடுத்த முடிவுகள் கண்ணுக்குத் தெரிந்தன. நீங்களும் அதையே செய்யுங்கள். அறைத் தரையைக் காலி செய்து, எறிவதா வைப்பதா என்ற கேள்வியைத் தள்ளிப் போட்டுவிட்டு, வகை வகையாகப் பரப்புங்கள். தாயார் எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அந்த ஒழுங்கைக் கலைப்பதற்கு முன் படமெடுத்துக்கொள்ளுங்கள்; எந்த டப்பாவுக்குள் எது இருந்தது என்பதும் அவர் கையெழுத்தைப் போன்ற ஒன்று. சுருக்கங்களை நீவ வேண்டாம், துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் பரப்பும் வேலைக்கு அவர்களையும் அழையுங்கள். ஒரு பொருளைப் பார்த்ததும் அவர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியாததாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பதுமில்லை. மூடிகள் மட்டும் போதும் என்று தோன்றினால் மூடிகளை மட்டும் வையுங்கள்.

கேள்வி: காலியாக ஓர் அறை இருக்கிறது. கலைப் பயிற்சி எதுவும் இல்லை. எப்படித் தொடங்குவது? என்ன தவறுகள் வரும்? (இதையே நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.)

அறை உண்மையிலேயே காலியாக இருக்கட்டும். நாள்காட்டி, கொடியில் தொங்கும் துணி, மூலையில் சாத்திய துடைப்பம் எல்லாம் வெளியே போகட்டும். பிறகு ஒரு நாளின் வெவ்வேறு பொழுதுகளில் வாசற்படியில் நின்று, வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது, கண் முதலில் எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். வாசற்படிதான் உங்கள் பார்வையாளர் முதலில் நிற்கும் இடம். கதவுச் சட்டம் தானாகவே ஒரு படச்சட்டமாகிவிடும்.

அடுத்து, ஒரே வகைப் பொருள், ஒரே ஒரு செயல். இதைத்தான் தொடங்குபவர்கள் கேட்பதில்லை. கடிகாரம், குடை, பொம்மை, வானொலி என்று பலவற்றைக் கொண்டுவந்து நிரப்பினால், பார்ப்பவர் என்னென்ன இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவார். பழம்பொருள் கடைக்குள் வந்த உணர்வோடு வெளியே போவார். ஒரே வகையானால் அவர் கண் வேறுபாடுகளைத் தேடும். செயலும் அப்படியே: கவிழ்ப்பது, சாய்ப்பது, அடுக்குவது, தொங்கவிடுவது, திருப்புவது, இவற்றுள் ஒன்று போதும்.

நான்கு சாதாரண மர நாற்காலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் சுவரைப் பார்த்துத் திருப்பி, சுவருக்கும் இருக்கைக்கும் ஒரு சாண் விட்டு வைத்தால், யாரோ தண்டனை பெற்று நிற்பதாகத் தோன்றும். அந்த ஒரு சாணை மூன்று அடியாக்குங்கள். தண்டனை போய், சுவரில் எதையோ பார்க்கக் காத்திருக்கும் கூட்டமாகிவிடும். நான்கையும் அறை நடுவில் உள்நோக்கி, முன்விளிம்புகள் முட்டும்படி நெருக்கினால் ரகசியம் பேசுகிறார்கள். மூன்றை நிற்கவைத்து ஒன்றை மட்டும் பக்கவாட்டில் படுக்கவைத்தால் ஏதோ நடந்துவிட்டது. மற்ற மூன்றும் அதைப் பார்க்கும் திசையில் திரும்பியிருந்தால் ஓர் அர்த்தம், முதுகைக் காட்டினால் இன்னோர் அர்த்தம். பொருட்கள் மாறவில்லை, தூரமும் திசையும்தான் மாறின. எனவே ஓர் அமைப்பை வைத்துவிட்டு உடனே திருப்தி அடையாமல், விரற்கடை விரற்கடையாக நகர்த்திப் பாருங்கள்.

உயரத்தையும் தொடலாம். நாற்காலி இருக்கையின் வழக்கமான உயரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். கால்களின் அடியில் கட்டைகளை வைத்து அதை ஓர் அடி உயர்த்தினாலே, உட்கார நினைக்கும் எந்தப் பெரியவரும் குழந்தையாகிவிடுவார். ராபர்ட் தேரியன் 1994-இல் ஒரு மேசையையும் நாற்காலிகளையும், பெரியவர்கள் நிமிர்ந்தபடியே அடியில் நடக்கும் அளவுக்குப் பெரிதாகச் செய்தது இந்த உணர்வை வைத்துத்தான்.

கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டும். ஒரே ஒரு விளக்கைத் தரையில், பொருளுக்குப் பின்னாலோ நடுவிலோ வைத்தால் நாற்காலிக் கால்களின் நிழல் சுவரில் ஏறிக் கூரையைத் தொடும். கொர்னேலியா பார்க்கர் 1991-இல், ஒரு தோட்டக் கொட்டகையைச் சாமான்களோடு பிரிட்டிஷ் இராணுவத்தைக் கொண்டு வெடிக்கச் செய்து, சிதறிய துண்டுகளைக் கம்பிகளில் தொங்கவிட்டார்; அவற்றின் நடுவே ஒரே ஒரு பல்பு. வெடித்த கணம் அந்தரத்தில் நின்றுவிட்டதைப் போன்ற அந்த அமைப்பில் பாதி வேலையைச் சுவரில் விழும் நிழல்களே செய்கின்றன. வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் வெடிக்கும் பகுதியை விட்டுவிடவும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் எதைத் தொங்கவிட்டாலும் அதன் எடையைப்போல் பல மடங்கு தாங்கும் எஃகுக் கம்பியைப் பயன்படுத்தி, முதல் கம்பி அறுந்தாலும் தாங்க இரண்டாவதாக ஒன்றைக் கட்டுங்கள். கண்ணாடியைத் தலைக்கு மேல் வேண்டவே வேண்டாம். உயரமான அலமாரியை நிமிர்த்தியோ சாய்த்தோ வைத்தால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். வெளியேறும் வழியை அடைக்காதீர்கள். மின்சாரத்தை ஹாட்டூமிடமே விட்டுவிடுங்கள்.

இடமே இல்லை என்பவர்களுக்கு: சுவிட்சர்லாந்தின் ஃபிஷ்லியும் வைஸும் 1980-களின் நடுவில் கரண்டி, காய்கறி, செருப்பு, நாற்காலி, பாட்டில் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்று சமநிலையில் நிறுத்தி, சரிவதற்குள் படமெடுத்தார்கள். படைப்பு என்பது அந்தப் படம்தான். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் செய்யக்கூடியது இது.

கேள்வி: எல்லாப் பொருட்களுக்கும் ஒரே வண்ணம் அடித்துவிட்டால் கலைநயம் வந்துவிடுமா?

ஒற்றுமை வரும், அதற்கு ஒரு விலையும் உண்டு. லூயிஸ் நெவல்சன் உடைந்த மரச்சாமான்களின் கால்கள், கைப்பிடிகள், சட்டங்களைப் பெட்டிகளில் நிரப்பி, பெட்டிகளைச் சுவராக அடுக்கி, முழுவதும் கறுப்படித்தார். 1958-இல் செய்தது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு படிந்ததும் இது எந்த நாற்காலியின் கால் என்ற விசாரணை நின்று, வடிவமும் நிழலும் மட்டும் மிஞ்சுகின்றன. அவருக்கு அது தேவையாக இருந்தது. உங்கள் பொருட்களின் தேய்மானமும் கறையும்தான் சொல்ல வேண்டியதைச் சொல்கின்றன என்றால் தூரிகையைத் தொடாதீர்கள். இரண்டு மனமாக இருந்தால் அடிக்காமல் விடுவதே நல்லது. அடித்த வண்ணத்தை எடுப்பது பெரும்பாடு.

குழந்தைகளோடு செய்ய விரும்பியும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு வண்ணம் வேறு வழியில் உதவும். யயோய் குசாமா 2002-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்துக்காக, சுவர் முதல் சோபா வரை முழு வெள்ளையாக ஒரு வீட்டு அறையை அமைத்து, வந்த குழந்தைகளின் கையில் வண்ண வட்ட ஒட்டிகளைக் கொடுத்துவிட்டார். ஒட்ட ஒட்ட அறை மறைந்துபோனது.

கேள்வி: இத்தகைய படைப்புகளை அருங்காட்சியகங்கள் எப்படிப் பாதுகாக்கின்றன? அன்றாடப் பொருள் உடைந்தால் கடையில் வேறொன்று வாங்கி வைத்தால் போதுமா?

படைப்பைப் பொறுத்தது. சிலவற்றில் அந்தக் குறிப்பிட்ட பொருள்தான் உயிர். சோங் டோங்கின் தாயார் வைத்திருந்த பற்பசைக் குழாய்க்குப் பதிலாக இன்னொன்றை வைக்க முடியாது. வேறு சிலவற்றில் விதிதான் உயிர். ஜோசப் கொசுத்தின் 1965-ஆம் ஆண்டுப் படைப்பில் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியின் புகைப்படம், அகராதியில் நாற்காலி என்ற சொல்லுக்கான விளக்கம் ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாற்காலியை, வைக்கப்படும் இடத்திலேயே படமெடுத்து மாட்ட வேண்டும். ஆகவே ஊர் மாறும்போது படமும் மாறும், விதி மாறாது.

ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸின் இரட்டைக் கடிகாரங்கள் இன்னும் நுட்பமானவை. கடையில் கிடைக்கும் ஒரே மாதிரியான இரண்டு வட்டச் சுவர்க்கடிகாரங்களை, விளிம்புகள் தொடும்படி அருகருகே மாட்டி, ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். பேட்டரி இரண்டும் ஒரே வேகத்தில் தளராது. மெல்ல ஒன்று பின்தங்கும், பிறகு நின்றுவிடும். அப்போது பேட்டரியை மாற்றி இரண்டையும் மறுபடி ஒரே நேரத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்பது விதி. எய்ட்ஸ் நோயால் அவருடைய துணைவர் இறந்துகொண்டிருந்த காலத்தில் உருவான படைப்பு இது. பேட்டரி மாற்றும் ஊழியரும் இதில் படைப்பின் பங்காளி.

கேள்வி: வீட்டில் செய்ததை எத்தனை நாள் வைத்திருப்பது? கலைக்க மனம் வருமா?

அதை நீங்கள் கவனிப்பதை நிறுத்தும் வரைக்கும். அறைக்குள் போகும்போது நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடப்பது பழகிவிட்டால், அது மறுபடியும் மரச்சாமானாகிவிட்டது என்று பொருள், கலைத்துவிடுங்கள். கலைப்பதற்கு முன் ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தில் தரையில் ஒட்டுநாடாவால் குறியிட்டு, வாசற்படியிலிருந்து ஒரு படமும், நான்கு மூலைகளிலிருந்து நான்கு படங்களும் எடுத்து, விளக்கு இருந்த இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் ஏதாவது ஓர் அளவு தெரிய வேண்டும். அளவுகோலை ஓரத்தில் கிடத்தினால் போதும். பிறகு நாற்காலிகளைத் துடைத்து, சாப்பாட்டு மேசைக்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.